தட்டக்கூடாத பீப்பாய்

போர்பாலா: கண்ணை மூடச் சொன்னேன். நீங்க ஒரு கண்ணத்தான் மூடியிருக்கீங்க.

ஆம்ப்ருஷ்: இன்னொரு கண்ணு சூப்புப் பானை மேல இருக்கு, சம்பந்தியம்மா. பொயா ஊருல பஸ் ஏறினதுலேருந்து மடியிலயே வச்சுக் கொண்டாந்திருக்கேன். இங்க வந்து கவுந்துச்சுன்னா?

போர்பாலா: என் நிலவறைல எதுவும் கவுறாது. அப்புறம், இந்த 'சம்பந்தியம்மா' இப்பவே வேண்டாம்னு எத்தனை தடவ சொல்றது? உங்க பையன் என் பொண்ணு விரல்ல மோதிரத்தப் போடட்டும். அப்புறம் கூப்பிடுங்க.

ஆம்ப்ருஷ்: சரிங்க... போர்பாலா அம்மா.

போர்பாலா: அம்மாவா! உங்களவிட நான் மூத்தவளா?

ஆம்ப்ருஷ்: பின்ன என்னன்னுதான் கூப்பிடுறது?

போர்பாலா: ஒண்ணும் கூப்பிட வேண்டாம். குடிங்க. குடிச்சிட்டு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.

ஆம்ப்ருஷ்: ம்... சிவப்பா இருக்கு.

போர்பாலா: கண்ண மூடிக்கிட்டா சிவப்பு தெரியுது?

ஆம்ப்ருஷ்: ஒரு கண்ணு திறந்துதானே இருக்கு.

போர்பாலா: கடவுளே! இந்த மனுஷனோட உக்காந்து கல்யாண விருந்துக்கு வைன் முடிவு பண்ணணும்னு என் தலையில எழுதியிருக்கு. இன்னிக்கு முடிச்சே ஆகணும், சொல்லிட்டேன். ஈஸ்டர் முடிஞ்ச மறு சனிக்கிழமை கல்யாணம். பனி கொட்டும்போது ஆரம்பிச்சோம். வெளில பாதாம் மரம் பூத்துருச்சு. நாம இன்னும் சூப்ப விட்டு நகரல.

ஆம்ப்ருஷ்: அவசரப்பட்டா ஆகுமா? நமக்கு இருக்கிறதே ஆளுக்கு ஒண்ணு. உங்களுக்கு ஷோஃபி, எனக்கு பார்னா. ஒரே ஒரு தடவ நடத்துற விருந்து...

போர்பாலா: பேச்ச மாத்தாதீங்க. இன்னொரு வாய் குடிங்க. உடனே முழுங்காதீங்க. வாயில வச்சு உருட்டுங்க.

ஆம்ப்ருஷ்: ம்ம்... ம்... செர்ரி. புளிப்புச் செர்ரி. கொட்டையோட கடிச்சா லேசா ஒரு கசப்பு வருமே, அது.

போர்பாலா: அப்புறம்?

ஆம்ப்ருஷ்: மிளகு... இல்ல, இருங்க, கிராம்பு. கடைசில... காட்டு ரோஜாக் காய்! பனி விழுந்தப்புறம் வேலியில பறிச்சு ஜாம் கிண்டுவாளே என் பொண்டாட்டி, அந்த வாசனை.

போர்பாலா: பரவால்லையே! முதல் தடவ வந்தப்போ என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'நல்லா ஈரமா இருக்கு'ன்னீங்க.

ஆம்ப்ருஷ்: அது பொய்யில்லையே.

போர்பாலா: கதார்கா திராட்சை வைன் இது. கண்ணாடிக் கோப்பைய வெளிச்சத்துல பிடிங்க... பின்னால என் விரல் தெரியுதா? அவ்வளவு மெல்லிசு. வில்லானி ஊருக்காரங்க வைன்ல விரல விட்டா விரலே காணாமப் போயிடும். மை மாதிரி இருக்கும். அதக் குடிச்சிட்டு உங்க மீன் சூப்பக் குடிச்சா, மீன் செத்ததே வீண்.

ஆம்ப்ருஷ்: புடாபெஸ்ட்ல மீனுக்கு வெள்ளை வைன்தான் ஊத்துவாங்களாம். என் தங்கச்சி மாப்பிள்ளை சொன்னான். 'மீனோட சிவப்பா? காட்டு மனுஷங்க'ன்னான்.

போர்பாலா: அவங்க ஊருல மீன வெண்ணெய்ல குளிப்பாட்டி எடுப்பாங்க. அதுக்கு வெள்ளை சரிதான். உங்க சூப்புல பாப்ரிகா மிளகாய் என்ன கொஞ்சமாவா இருக்கு? வெள்ளை வைன் இதுக்குள்ள விழுந்தா, நீச்சல் தெரியாதவன் டான்யூப்ல விழுந்த கதைதான். மூடியத் திறங்க, ஆறப் போகுது.

ஆம்ப்ருஷ்: மூணு துண்டு சுத்தியிருக்கேன், ஆறாது. பஸ்ஸுல வாசனை கிளம்பிருச்சு. டிரைவர் ரெண்டு தடவ திரும்பிப் பாத்தார். பக்கத்துல ஒரு அம்மா, 'எந்த வீட்டு விருந்து'ன்னு கேட்டாங்க. 'எங்க வீட்டு விருந்து, ஸெக்சார்ட்ல'ன்னேன். பாலம் தாண்டுற வரைக்கும் என் மடியவே பாத்துக்கிட்டு வந்தாங்க.

போர்பாலா: இன்னிக்கு என்ன மீனு?

ஆம்ப்ருஷ்: கெண்டைதான். காலைல பிடிச்சது. நூடுல்ஸ் தனியா இந்தப் பொட்டலத்துல. முன்னாடியே போட்டா ஊறிப் போயிடும்... தட்ட நீட்டுங்க. முள்ளு பாத்து.

போர்பாலா: எனக்கா சொல்றீங்க? ம்... ம்ம்! இன்னிக்குக் காரம் கூட.

ஆம்ப்ருஷ்: அதிகமாயிருச்சா?

போர்பாலா: இல்ல, இல்ல... நல்லாருக்கு. இப்போ வைன ஒரு வாய் குடிங்க. குடிச்சாச்சா? என்ன ஆச்சு?

ஆம்ப்ருஷ்: காரம் ஓடிருச்சு. ஆனா மிளகாய் வாசனை அப்படியே நிக்குது. அடடா... அந்தப் புளிப்பு வந்து நாக்கத் துடைச்சு விட்டு, 'அடுத்த கரண்டி போடு'ன்னுது.

போர்பாலா: அதான்! அதத்தான் ரெண்டு மாசமா நான் கத்திக்கிட்டு இருக்கேன்!

ஆம்ப்ருஷ்: போன வாரம் இந்த அளவுக்குத் தெரியலையே.

போர்பாலா: போன வாரம் நீங்க அதுல சோடாவ ஊத்தினீங்க.

ஆம்ப்ருஷ்: எங்க ஊருல எல்லாரும் ஊத்துவாங்க...

போர்பாலா: வெயில்ல, தோட்டத்துல, தாகத்துக்கு ஊத்திக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லல. என் முன்னாடி உக்காந்துகிட்டு ஊத்தக் கூடாது. நீங்களாவது சோடா. உங்க புத்திரன் என்ன பண்ணினான் தெரியுமா? முதல் தடவ என் வீட்டுக்கு வந்து, என் கதார்காவுல... சொல்லவே நாக்கு கூசுது... கோலாவ ஊத்தினான்!

ஆம்ப்ருஷ்: சின்னப் பசங்க எல்லாரும் அப்படித்தானே...

போர்பாலா: இந்தக் கொடி படுத்துற பாடு உங்களுக்குத் தெரியுமா? தோலு சும்மா காகிதம் மாதிரி. அறுப்பு நேரத்துல ஒரு மழை பேஞ்சா அழுகிடும். ஊருல பாதிப் பேரு பிடுங்கிப் போட்டுட்டு வேற நட்டாங்க. நான் ஒத்தை ஆளா குலை குலையா தடவிப் பாத்துப் பறிக்கிறேன். அதுல போய் கோலா! அன்னிக்கே ஷோஃபிகிட்ட சொன்னேன், 'இவன் வேண்டாம்டி'ன்னு.

ஆம்ப்ருஷ்: அப்புறம் எப்படிச் சம்மதிச்சீங்க?

போர்பாலா: மறு வாரம் நீங்க இந்தப் பானையோட வந்து நின்னீங்களே... சரி, அந்தக் கதை இப்ப எதுக்கு? சூப்புக்கு கதார்கா. முடிவு. கொஞ்சம் குளிர வச்சுத்தான் ஊத்தணும். ஒத்துக்கிறீங்களா?

ஆம்ப்ருஷ்: ஒத்துக்கலாம்... ஆனா...

போர்பாலா: என்ன ஆனா?

ஆம்ப்ருஷ்: இது பாட்டில்லேருந்துதானே ஊத்தினீங்க? கல்யாணத்துக்குன்னு ஒதுக்கின பீப்பாய் அந்த மூலைல நிக்குது. அதுலேருந்து கண்ணாடிக் குழாய விட்டு உறிஞ்சி எடுத்துக் குடுத்தாத்தானே சரியாத் தெரியும்?

போர்பாலா: அத... அத அடிக்கடி திறந்தா காத்துப் படும். கதார்காவுக்குக் காத்தே ஆகாது. இது மாதிரிக்குன்னு எடுத்து வச்சது. எல்லாம் ஒண்ணுதான்.

ஆம்ப்ருஷ்: அப்படியா. சரி, சரி.

போர்பாலா: அங்க சாயாதீங்க! தோள் பீப்பாய் மேல படுது பாருங்க.

ஆம்ப்ருஷ்: சாஞ்சா என்ன? தட்டினாத்தானே தப்பு?

போர்பாலா: சாயிறவன் கை சும்மா இருக்காது. அந்த ஆணில என்ன தொங்குது?

ஆம்ப்ருஷ்: ரப்பர் குழாய்.

போர்பாலா: பீப்பாயத் தட்டினா அதால பின்னாடி மூணு அடி. யாரா இருந்தாலும். போன அறுப்புக்கு புடாபெஸ்ட்லேருந்து ஒரு வக்கீல் வந்தார். கோட்டு, டை எல்லாம். விரல மடக்கி டொக்குன்னு தட்டினார். குனிய வச்சேன்.

ஆம்ப்ருஷ்: அடப்பாவமே!

போர்பாலா: பீப்பாய்ல எவ்வளவு இருக்குங்கிறது வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிஞ்சா போதும். வந்தவன் தட்டிப் பாக்குறது, என் பெட்டியத் திறந்து பாக்குற மாதிரி... சரி, கோஸுக்கு வாங்க.

ஆம்ப்ருஷ்: கோஸ் கட்டாயம் வேணுமா? சூப்பு முடிஞ்சதும் எங்க வழக்கப்படி தயிர்க்கட்டியும் வறுத்த கொழுப்பும் தூவின நூடுல்ஸ். அதோட வயிறு நிறைஞ்சிடும்.

போர்பாலா: நல்லாருக்கே! மீனுக்கு நூடுல்ஸ், அதுக்கப்புறமும் நூடுல்ஸ். கல்யாணமா, மாவு மில்லா? ராத்திரி ஆடிக் களைச்சு வர்றவங்களுக்கு, கோஸ் இலைல கறியச் சுருட்டி, புளிச்ச கோஸோட வேக வச்சு, மேல பாலாடை விட்டுக் குடுக்கலைன்னா, 'போர்பாலா வீட்டுக் கல்யாணத்துல சாப்பாடே இல்ல'ன்னு ஊரே சிரிக்கும்.

ஆம்ப்ருஷ்: சரி, கோஸும் இருக்கட்டும். அதுக்கும் கதார்காவா?

போர்பாலா: அதுக்கு கேக்ஃப்ரங்கோஷ். இந்தாங்க, இது கொஞ்சம் கருப்புச் சாயல்... மோந்து பாருங்க.

ஆம்ப்ருஷ்: இதுவும் செர்ரிதான். ஆனா... கொஞ்சம் முரட்டுச் செர்ரி.

போர்பாலா: முரட்டுச் செர்ரி! நல்லாத்தான் சொல்றீங்க. கொழுப்பான கறிக்கு முரடுதான் வேணும். மெல்லிசு நின்னா மிதிபட்டுப் போயிடும்.

ஆம்ப்ருஷ்: மாட்டுக்கறிக் குழம்புக்கு?

போர்பாலா: பிகாவேர். 'காளை ரத்தம்'னு பேரு வச்சுட்டு மாட்டுக்கறிக்கு ஊத்தலைன்னா எப்படி? நாலஞ்சு திராட்சைக் கலவை. அதுலயும் என் கலவைல ஒரு பங்கு கதார்கா இருக்கும், மசாலா வாசனைக்கு. எகர் ஊருக்காரங்க தாங்கதான் முதல்ல பண்ணினோம்னு சொல்லுவாங்க. காதுல வாங்காதீங்க.

ஆம்ப்ருஷ்: கோப்பைய மோதுங்க. நல்லாருங்க!

போர்பாலா: நல்லாருங்க! என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க, கோப்பைய இல்ல.

ஆம்ப்ருஷ்: பாத்துட்டேன். ம்... இது அடுப்புப் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு. கத்திரிப்பூ நிறத்துல ஒரு பழம்... பிளம். புகை. கொஞ்சம் சாக்லேட்டு.

போர்பாலா: இப்படித் தெளிவாச் சொல்றவர் ஒரே நாள்ல முடிச்சிருக்கலாமே! எதுக்கு வாரா வாரம் 'இன்னும் ஒரு தடவ பாக்கணும், நாக்கு சரியில்ல, சளி'ன்னு...

ஆம்ப்ருஷ்: சளி நிஜமாவே இருந்துச்சு.

போர்பாலா: மூணு வாரமா?

ஆம்ப்ருஷ்: ஆத்தோரக் குளிரு. நீங்க மட்டும் என்ன? போன வாரமே எல்லாத்துக்கும் சரின்னேன். நீங்கதான், 'உப்பு மாறினா வைனும் மாறும், இன்னொரு தடவ சமைச்சுக் கொண்டாங்க'ன்னீங்க.

போர்பாலா: உப்பு மாறித்தான் இருந்துச்சு... அது போகட்டும். பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சா? அது மாப்பிள்ளை வீட்டு வேலை.

ஆம்ப்ருஷ்: அது... அச்சகத்துல மெஷின் ரிப்பேராம். சீக்கிரம் வந்துடும். மண்டபம்? அது பொண்ணு வீட்டு வேலை.

போர்பாலா: மண்டபமா... சொல்லி வச்சிருக்கேன். அவங்க பெயின்ட் அடிக்கிறாங்க.

ஆம்ப்ருஷ்: நல்லது, நல்லது. பெயின்ட் அடிச்சா நல்லாத்தான் இருக்கும்.

போர்பாலா: மெஷின் ரிப்பேரானா அவங்கதான் என்ன பண்ணுவாங்க, பாவம்.

ஆம்ப்ருஷ்: ஆமா... இன்னும் கொஞ்சம் சூப்பு?

போர்பாலா: ஊத்துங்க.

வெண்டெல்: அக்கா! உள்ள வரலாமா? வாசனை என் நிலவறை வரைக்கும் வந்துருச்சு. ஆம்ப்ருஷ் அண்ணன் வந்துட்டாருன்னு புரிஞ்சுது.

போர்பாலா: பக்கத்து நிலவறைல இருந்துகிட்டு உனக்கு மட்டும் எப்படித்தான் மூக்கு வேர்க்குதோ! வா வெண்டெல். கைல என்ன?

வெண்டெல்: பன்னிக் கொழுப்பு வறுவல். இப்பத்தான் இறக்கினேன். ரொட்டியும் ஊதா வெங்காயமும் இருக்கு. சும்மா கை வீசிட்டு வருவேனா?

ஆம்ப்ருஷ்: உக்காரு தம்பி. தட்டு எடுத்துக்க.

வெண்டெல்: அண்ணே, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும். உங்க பெரிய கொப்பரைய, அந்த நூறு பேரு சூப்புக் கொப்பரைய, என் மச்சினனுக்குக் குடுத்தீங்களாமே. படகு வச்சிருக்கிறவங்க சங்கத்து விருந்துக்கு. ஈஸ்டர் முடிஞ்ச மறு சனிக்...

ஆம்ப்ருஷ்: வெங்காயத்த நறுக்கிக் கொண்டாந்தியா, முழுசா?

போர்பாலா: இரு இரு, வெண்டெல். எந்தச் சனிக்கிழமைன்ன?

வெண்டெல்: ஈஸ்டர் முடிஞ்ச மறு சனிக்கிழமை. ஏங்க்கா?

போர்பாலா: ஒண்ணுமில்ல. சாப்பிடு.

ஆம்ப்ருஷ்: என்கிட்ட வேற கொப்பரை இருக்கு.

போர்பாலா: நான் ஒண்ணும் கேக்கலையே.

வெண்டெல்: அப்புறம், போன வாரம் பேச் ஊருச் சந்தைல ஷோஃபியப் பாத்தேங்க்கா. அவளும் மாப்பிள்ளைத் தம்பியும் மெத்தை ஒண்ண ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கிட்டு...

போர்பாலா: வறுவல் ஆறுது வெண்டெல்!

ஆம்ப்ருஷ்: ரொட்டிய எடு வெண்டெல்!

வெண்டெல்: என்ன ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறீங்க? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

ஆம்ப்ருஷ்: ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு வாழ்த்துச் சொல்லலாம்னு... எல்லாரும் கோப்பைய எடுங்க. எந்திரிங்க, எந்திரிங்க. ஷோஃபிக்கும் பார்னாவுக்கும்! இந்த நிலவறைக்கும்! எல்லாத்துக்கும் மேல, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற இந்தப் பெரிய பீப்பாய்க்கும்... டொக், டொக்!

போர்பாலா: ஐயோ! கைய எடுங்க!

வெண்டெல்: தட்டிட்டாரு! அக்கா, தட்டிட்டாரு! நானே பாத்தேன்!

ஆம்ப்ருஷ்: தெரியாம... தர்பூசணி வாங்குற பழக்கம், கை தானாப் போயிருச்சு...

வெண்டெல்: சட்டம்னா சட்டம்தான் அண்ணே. ஆணிலேருந்து குழாய எடுக்கட்டுமா அக்கா?

போர்பாலா: விடு, போகட்டும்.

வெண்டெல்: போகட்டுமா? நீங்களா சொல்றீங்க? வக்கீலையே குனிய வச்சவங்க!

போர்பாலா: வயசான மனுஷன். விடுன்னேன்ல?

வெண்டெல்: இருங்க, இருங்க... அக்கா, அந்தச் சத்தம்... நிறைஞ்ச பீப்பாய் 'தொப் தொப்'புன்னுதானே கேக்கும்? இது 'டொம்ம்'னு...

போர்பாலா: குழாய எடு வெண்டெல்! மூணு அடி போடு, சீக்கிரம்!

ஆம்ப்ருஷ்: இப்பத்தான் வயசான மனுஷன்னீங்க?

வெண்டெல்: குனிங்கண்ணே. ஒண்ணு!

ஆம்ப்ருஷ்: ஆ!

வெண்டெல்: ரெண்டு... மூணு! முடிஞ்சுது. இனிமே நீங்களும் எங்க ஆளு. நல்லாருங்க!

போர்பாலா: சரி, வெண்டெல், உன் அடுப்புல கொழுப்பு இருக்குன்னியே, தீஞ்சுடப் போகுது.

வெண்டெல்: நான் இறக்கிட்டேன்னுதானே சொன்னேன்?

போர்பாலா: போய்ப் பாரு. இந்தா, சூப்ப ஒரு கிண்ணத்துல எடுத்துக்க. உன் பொண்டாட்டிக்கும் சேத்து. கதவச் சாத்திட்டுப் போ.

வெண்டெல்: போறேன், போறேன். எதோ இருக்கு... எனக்கு எதுக்கு வம்பு.

ஆம்ப்ருஷ்: நல்லாத்தான் அடிக்கிறான்.

போர்பாலா: மர வேலைக்காரன் கை. வலிக்குதா?

ஆம்ப்ருஷ்: உக்காந்தாத்தான் தெரியும்... போர்பாலா. அந்தப் பீப்பாய் காலி.

போர்பாலா: ஒழுகியிருக்கும். பழைய பலகை.

ஆம்ப்ருஷ்: ஒழுகினா தரை நனைஞ்சிருக்கணும்.

போர்பாலா: உங்க கொப்பரை?

ஆம்ப்ருஷ்: சொன்னேனே, வேற ஒண்ணு...

போர்பாலா: உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு பெரிய கொப்பரை. உங்க அப்பா வாங்கினது, கைப்பிடி ஒரு பக்கம் பத்த வச்சது. நீங்கதான் சொல்லியிருக்கீங்க. கல்யாணத்தன்னிக்கு அத எவனோ படகுச் சங்கத்துக்குக் குடுத்துட்டு, எங்க வீட்டு விருந்துக்கு எதுல சூப்பு வைக்கிறதா இருந்தீங்க? இந்தத் தூக்குப் பானையிலயா?

ஆம்ப்ருஷ்: நீங்க எதுலேருந்து வைன் ஊத்துறதா இருந்தீங்க? காலிப் பீப்பாயிலேருந்தா? எப்பத் தெரியும் உங்களுக்கு?

போர்பாலா: எது?

ஆம்ப்ருஷ்: போர்பாலா.

போர்பாலா: ...ஜனவரில. ஷோஃபி போன் பண்ணினா. 'அம்மா, நேத்து பேச்ல ரிஜிஸ்டர் ஆபீஸுல கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம், நூறு பேரு விருந்தெல்லாம் எங்களுக்கு வேண்டாம்மா, கோச்சுக்காதே'ன்னா. உங்களுக்கு?

ஆம்ப்ருஷ்: அதே நாள். பார்னா பேசினப்போ உங்க பொண்ணு பக்கத்துலயே அழுதுகிட்டு இருந்தா. அப்பத்தான் உங்ககிட்ட பேசிட்டு வச்சிருப்பா போல, இப்பப் புரியுது.

போர்பாலா: நானும் அழுதேன். ராத்திரி வரைக்கும் அழுதேன். ஒரே பொண்ணு. அவ பிறந்த வருஷத்துலேருந்து மனசுக்குள்ள அவளுக்கு விருந்து வச்சுக்கிட்டே இருந்தேன். கடைசில கையெழுத்துப் போட்டுட்டு, தெருவுல நின்னுக்கிட்டே கடுகு தடவின சாசேஜ் தின்னாங்களாம். அதுதான் எம்பொண்ணு கல்யாணச் சாப்பாடு!

ஆம்ப்ருஷ்: என்ன வைனாம்?

போர்பாலா: கேக்காதீங்க.

ஆம்ப்ருஷ்: ...கோலாவா?

போர்பாலா: என் கதார்காவும் கோலாவும்!

ஆம்ப்ருஷ்: ஹ... ஹஹ...

போர்பாலா: சிரிக்காதீங்க! எனக்கும் சிரிப்பு வருது... ஐயோ, வயிறு வலிக்குது.

ஆம்ப்ருஷ்: அழுதீங்கன்னு சொல்றீங்க. ஆனா அந்தச் சனிக்கிழமை நான் வந்தப்போ, கதவத் திறந்துட்டு, 'சூப்புக்கு இன்னிக்கு எந்த வைன்'னு கேட்டீங்களே.

போர்பாலா: கதவத் திறக்கும்போது சொல்லிடணும்னுதான் இருந்தேன். சத்தியமா. நீங்க பனில நனைஞ்சு, பானைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னீங்க. மூக்கு நுனி சிவந்திருந்துச்சு. 'கல்யாணம்தான் முடிஞ்சு போச்சே, இனிமே எதுக்கு வரணும்'னு நீங்க திரும்பிப் போயிட்டா... அதனால வாயத் திறக்கல. நீங்க ஏன் சொல்லல?

ஆம்ப்ருஷ்: பஸ்ஸுல வரும்போது பூரா ஒத்திகை பாத்துக்கிட்டு வந்தேன். 'சம்பந்தியம்மா, ஒரு விஷயம்'னு ஆரம்பிக்கணும்னு. நீங்க கோப்பைய நீட்டினீங்க. குடிச்சேன். மறந்துருச்சு.

போர்பாலா: மறந்துருச்சா?

ஆம்ப்ருஷ்: மறக்கணும்னு இருந்துச்சு. என் வீட்டுல ஒத்தை ஆளுக்கு மீன் சூப்பு வைக்கிறதே இல்ல தெரியுமா, அவ போனப்புறம்? ஒரு கெண்டை ஒரு ஆளுக்கு ஜாஸ்தி. ரெண்டு வருஷமா முட்டையத் தட்டிப் போட்டுக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை ஒண்ணு வந்தப்புறம்தான் வெள்ளிக்கிழமைல எனக்கு வேலை வந்துச்சு. வெங்காயம் நறுக்குறது, மீன் தேடுறது... எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அத ஏன் நானே நிறுத்தணும்? கோச்சுக்கிட்டீங்களா?

போர்பாலா: இல்ல. எனக்கும் அப்படித்தான். ஆனா ஒண்ணு புரியல. பிள்ளைங்க நேர்ல வந்து ரெண்டு பேர்கிட்டயும் சேத்து மன்னிப்புக் கேக்குறதா இருந்துச்சு. ஏன் இன்னும் வரல?

ஆம்ப்ருஷ்: அது... நான்தான் பார்னாகிட்ட சொன்னேன். 'அவங்க அம்மாவுக்கு மனசு ஒடிஞ்சு போயிருக்கும், இப்போ வர வேண்டாம், நானே பக்குவமாப் பேசிக்கிறேன்'னு.

போர்பாலா: நீங்க வேறயா! நான் ஷோஃபிகிட்ட அதேதான் சொன்னேன். 'அவங்க அப்பாவுக்கு நெஞ்சு பலவீனம், நான் பாத்துப் பேசிக்கிறேன்'னு.

ஆம்ப்ருஷ்: எனக்கா நெஞ்சு பலவீனம்?

போர்பாலா: சளின்னீங்களே.

ஆம்ப்ருஷ்: அப்போ ரெண்டு பிள்ளைகளும் பேச்ல உக்காந்து, நம்ம ரெண்டு பேரையும் நினைச்சுக் கவலைப்பட்டுக்கிட்டு இருக்குங்க!

போர்பாலா: படட்டும். கதார்காவுல கோலா ஊத்தினதுக்கு அந்தத் தண்டனையாவது வேணும்.

ஆம்ப்ருஷ்: மண்டபத்துக்குப் பெயின்ட்?

போர்பாலா: மெஷின் ரிப்பேர்?

ஆம்ப்ருஷ்: சரி, சரி... ஆனா அந்தப் பீப்பாய்? அவ்வளவு வைனும் எங்க போச்சு? வித்துட்டீங்களா?

போர்பாலா: அத விப்பேனா? விருந்து இல்லைன்னு ஆனப்புறம் பீப்பாயிலயே விட்டா வீணாப் போகும்னு பாட்டில்ல அடைச்சேன். அந்தப் பின் சுவரோரம் போர்வைய விலக்கிப் பாருங்க.

ஆம்ப்ருஷ்: இதுவா... அம்மாடியோவ்! கூரை வரைக்கும் அடுக்கியிருக்கே! ஒத்தையா நின்னு இவ்வளவும் அடைச்சீங்களா? யாருக்கு இது?

போர்பாலா: சனிக்கிழமைக்கு ஒண்ணுன்னு நினைச்சு அடைச்சேன்.

ஆம்ப்ருஷ்: எந்தச் சனிக்கிழமைக்கு?

போர்பாலா: எல்லாச் சனிக்கிழமைக்கும்தான்.

ஆம்ப்ருஷ்: ...இருங்க. வாரம் ஒண்ணுன்னா இது அஞ்சாறு வருஷத்துக்கு வருமே. ஆனா கதார்கா அவ்வளவு நாள் தாங்காது, இளசாவே குடிச்சிடணும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?

போர்பாலா: ஆமா, சொன்னேன். அப்போ வாரத்துக்கு ரெண்டாத் திறப்போம். பானையக் கழுவி வைக்கிறேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க, சம்பந்தி.